மனைவி கையில் டாக்டரம்மாவின் கடிகாரம்

"கையை இன்னும் கொஞ்சம் மடக்கு."

"இதுக்கு மேல மடக்கினா ஒடிஞ்சிடுங்க. கையைச் சொல்றேன், வாச்சை இல்லை."

கடிகாரக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அறுபது வருஷத்துக்கு முந்தைய தங்கக் கடிகாரம் அது. வளையல் மாதிரிப் பட்டை, முகப்பைச் சுற்றி வைரம். காலையில் ஒரு டிரைவர் வந்து, "டாக்டரம்மாவோடது, ரிப்பேராம். சாயங்காலம் வருவாங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். சாவி கொடுத்ததுமே ஓட ஆரம்பித்துவிட்டது. சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம், "பாத்தியா, என் கை பட்டாப் போதும்" என்று மார்தட்டினார்.

முப்பது வருஷமாக ஊரார் கடிகாரங்களைத் துடைத்தவர், கட்டினவளுக்கு ஒன்று வாங்கித் தந்ததில்லை. வைரம் மினுங்கியதும் மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம் கட்டிப் பாரேன்."

அந்த ஒரு நிமிஷம் இப்போது இரண்டு மணி நேரமாகிவிட்டது. கொக்கி அசைந்து கொடுக்கவில்லை.

எண்ணெய் விட்டார். கடிகாரம் வழுக்கி மேலேறி, இன்னும் இறுகிக்கொண்டது. இடுக்கியால் நெம்பினார். கை வீங்கியது.

"பேசாம அறுத்துடுங்க."

"பட்டையையா?"

"பின்னே, என் கையையா?"

"அறுபது வருஷமா யாரும் அறுக்காததை நான் அறுக்கறதா?"

வாசலில் கார் வந்து நின்றது. அவர் துடைக்கும் துணியைக் கிழித்து, மனைவியின் கையை முழங்கை வரை சுற்றிவிட்டார்.

உள்ளே வந்த டாக்டரம்மாவின் கண் நேராகக் கட்டின் மேல்தான் விழுந்தது. "கையில என்னம்மா?"

"படியில வழுக்கிட்டா. எலும்பு முறிவு" என்று முந்திக்கொண்டார் அவர். இந்தம்மா பல் டாக்டராகவோ கண் டாக்டராகவோ இருக்கவேண்டுமே என்று உள்ளுக்குள் கும்பிட்டார்.

"கொடுங்க பாக்கறேன். நான் எலும்பு டாக்டர்தான்."

கட்டின் மேல் விரல் வைத்தவர் புருவத்தை உயர்த்தினார். "நாடி டிக் டிக்குன்னு அடிக்குதே."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அவரைத் திட்டாதீங்கம்மா. நான்தான் ஆசைப்பட்டு மாட்டிக்கிட்டேன்."

"பொய் சொல்றா. அவ கேட்கவே இல்லை" என்றார் அவர். "அவ கையில ஒரு தடவை பாக்கணும்னு எனக்குத்தான் தோணிச்சு. ஆனா ஒண்ணுங்க, வாச்சை ஓட வெச்சிட்டேன்."

டாக்டரம்மா கட்டை மெதுவாக அவிழ்த்தார்.

"அதோட ஓட்டத்துல என்னைக்குமே குறை இல்லீங்க. மாட்டினா கழட்ட அரை நாள் ஆகுதுன்னுதான் ரிப்பேருக்கே கொடுத்தேன்."