நகராட்சி வளையம் நேராக உள்ளது

நகராட்சித் திடலில் இருக்கும் கூடைப்பந்து வளையம் நேராக உள்ளது. இது போகிறபோக்கில் யாரோ சொன்னதல்ல, கோப்பு சொல்வது. பதினோரு வருடத்துக்கு முன்னால் வளையம் மாட்டியபோது, "நேராக மாட்டப்பட்டது" என்று ஒப்பந்தக்காரர் எழுதினார். "நேராக இருப்பது காணப்பட்டது" என்று பொறியாளர் எழுதினார். அதன் கீழே "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கையெழுத்தும் விழுந்தது. மூன்று பேர் எழுதிக் கொடுத்தால் வளையம் என்ன, வாழைப்பழமே நேராகிவிடும்.

அந்த மூன்றாவது கையெழுத்துக்குச் சொந்தக்காரர் ஓர் எழுத்தர். அலுவலகத்தில் அவருக்குச் "சரிபார்த்தவர்" என்றே பெயர். மேஜைக்கு வருகிற எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. படித்துப் பார்த்தால் வேலை தேங்கும் என்பதால் படிப்பதில்லை. வளையம் மாட்டிய அன்று நல்ல மழை. திடலுக்குப் போனால் செருப்பு நனையும். மனிதர் நாற்காலியில் இருந்தபடியே சரிபார்த்தார்.

அவருக்கு ஒரே மகள். பதினேழு வயது, நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். ஆறு வயதிலிருந்து அந்த வளையத்தில்தான் பந்து போடுகிறாள். போடுகிற அழகு இருக்கிறதே, கண்கொண்டு பார்க்க முடியாது. முழங்கை வெளியே தள்ளும், இடுப்பு ஒரு பக்கம் ஒடியும், பிழிந்த துணி மாதிரி உடம்பே முறுக்கிக்கொள்ளும். ஆனால் பத்துக்கு ஒன்பது உள்ளே போகும். இன்னும் இரண்டு மாதத்தில் தலைநகர் உள்ளரங்கில் மாநில அணித் தேர்வு. தேர்வானால் கல்லூரியில் இடம், விடுதி, எல்லாம் கிடைக்கும். ஆகாவிட்டால் படிப்புக்கு வழியில்லை. அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின் போட இடம் பார்த்து வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நகராட்சி ஒரு கோச்சை நியமித்தது. கழுத்தில் விசில், ஒரு கையில் கோணமானி, மறு கையில் செல்போன். பந்து எங்கே போகிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி, முழங்கையை மட்டும் பார்ப்பார்.

"பாப்பா, உன் ஃபார்ம் தப்பு."

"உள்ள போகுதே சார்."

"போறது பெருசில்ல. எப்படிப் போகுதுங்கிறதுதான் பெருசு. முழங்கையை உள்ள கொண்டா. தொண்ணூறு டிகிரி."

பத்து நாள் திருத்தினார். ஃபார்ம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஆனது. பந்துதான் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோச் தன் குறிப்பேட்டில், "ஃபார்ம்: மிக நன்று. பந்து: ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவைத்தார்.

பதினோராம் நாள் சாயங்காலம் பெண் வீட்டுக்கே வரவில்லை. அப்பாவும் அம்மாவும் தேடிப் போனால், கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அம்மா அவளைத் தேற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். இருபது வருடம் துணி வெட்டிய கண்.

"எவன் தச்ச கழுத்து இது? இடப்பக்கம் மூணு விரல் இறங்கிக் கிடக்கு!"

அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"கோணல் வளையத்துக்குக் கோணலாப் போட்டுப் பழகியிருக்கா," என்றாள் அம்மா. "அங்க வளையம் நேரா இருந்தா இவ பழைய ஃபார்ம் உதவாது. புது ஃபார்மை இங்க பழகவும் முடியாது."

"உங்க ஆபீஸ்தானேப்பா? சொல்லி நேராக்குங்க," என்றாள் மகள்.

மறுநாள் அவர் பொறியாளர் முன்னால் போய் நின்றார்.

"திடல்ல வளையம் கோணலா இருக்கு சார்."

பொறியாளர் கோப்பைப் புரட்டினார். "நேராத்தானே இருக்கு?"

"அங்க கோணலா இருக்கு சார்."

"அங்க இருக்கிறதை அப்புறம் பார்ப்போம். இங்க இருக்கிறது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"வளையம் கோணல்னா நாம மூணு பேரும் கோணல். அந்த ஒப்பந்தக்காரர் இப்ப நகராட்சித் தலைவர். யோசிச்சுப் பேசுங்க."

அவர் யோசித்தார், பேசவில்லை. இருந்தாலும் புகார் என்று ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டதால் குழு போடப்பட்டது. குழு ஏணி வைத்து ஏறி, வளையத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தது. குமிழி ஒரு பக்கமாக ஓடியது. ரசமட்டம் பழுது என்று முடிவு செய்து பழுதுபார்க்க அனுப்பினார்கள். வேறு ரசமட்டம் வந்தது. அதற்கும் அதே பழுது. கடைசியில் ஆணை பிறந்தது: "வளையம் நேராக உள்ளபடியால், அதனுள் விழும் பந்தே நேரான பந்து ஆகும். அவ்வாறு விழச்செய்யும் முறையே நேரான முறை ஆகும். ஆகவே வீராங்கனையின் பழைய ஃபார்ம் சரியானது எனவும், கோச் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் எனவும் இதன்மூலம் ஆணையிடப்படுகிறது."

கோச் ஒரே ராத்திரியில் திருந்திவிட்டார். "சாய்வு பாணி! உலகமே இப்ப இதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு," என்று வீடியோ போட்டார். அவ்வளவுதான், ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. பிள்ளைகள் எல்லாம் முழங்கையைத் தள்ளி இடுப்பை ஒடித்தார்கள். பந்தையே தொட்டறியாத வாலிபர்களும் முழங்கையைத் தள்ளிக்கொண்டு நடந்ததில், வங்கி வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டியிருந்தது. முழங்கையை வெளிப்பக்கம் இழுத்துக் கட்டும் பட்டை வேண்டுமென்று அம்மாவிடம் நாற்பது பேர் வந்து நின்றார்கள்.

"தச்சுக் குடுக்கறேன். என் பொண்ணு கையில மட்டும் கட்ட மாட்டேன்," என்றாள் அம்மா.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. மகள் அப்பாவிடம் வந்தாள். கோபம்கூட இல்லை அவளிடம். "அப்பா, ஒரே ஒரு வரி எழுதுங்களேன்," என்றாள்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வளையம் இடப்பக்கம் மூன்று விரற்கடை சாய்ந்துள்ளது. நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன்," என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தார்.

அப்படியொரு வாக்கியத்தைப் பதிவதற்கு அலுவலகத்தில் பதிவேடே இல்லை. பொறியாளர் பதறிப்போய் ஆளை ஏவினார். "போய் முதல்ல அதை நேராக்கித் தொலைங்கய்யா! நேராயிட்டா இந்தக் காகிதம் பொய்யாயிடும்!"

ஓர் ஆள், ஓர் ஏணி, ஒரு ஸ்பானர். எட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகள் சாய்வு பாணியில் போட்ட பந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பெற்றவர்கள் கொதித்தார்கள். "நல்லா இருந்த வளையத்தைக் கெடுத்துட்டாங்க! எங்க புள்ளைங்க எதிர்காலம் என்னாகிறது?" வளையத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவரச் சொல்லி மனு தயாரானது. முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நாலே நாளில் அது சரிபார்த்தவர் மேஜைக்கு வந்தது.

"போட்டு அனுப்பிடுங்க," என்றார் பொறியாளர். "நீங்க எழுதின அந்தக் காகிதத்தையும் நான் மறந்துடறேன்."

அவர் மனுவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அப்பா, இது யாரு?"

இருநூற்றுப் பதினான்காவது கையெழுத்து அவருடையது. இரண்டு நாள் முன்னால் அலுவலக வாசலில் யாரோ ஒரு தாளை நீட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்றும் எழுதியிருந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணோட ஃபார்மைத் திருத்தக் கிளம்பினாங்க எல்லாரும்!"

மகளுக்கு அழுகை வந்தது, பாதி வழியில் சிரிப்பாக மாறியது. நாற்காலியை இழுத்து அப்பாவை உட்காரவைத்தாள். "முதல்ல பேனாவைக் கீழ வைங்க. கை அப்புறம். கண்ணு முதல்ல. எங்க போடப் போறீங்கன்னு முழுசாப் பாருங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஒரு மனுவை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட அந்த நேரான நிலையில் வளையம் இருந்திட ஆவன செய்யுமாறு" என்று இருந்தது. இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்து கிளம்பினார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. திடலுக்குப் போய்க் கம்பத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, செருப்பு சளக் சளக் என்று திரும்பி வந்து எழுதினார்: "நேரில் சென்று பார்த்தேன். வளையம் நேரான நிலையில் உள்ளது. மனுதாரர்களின் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. சரிபார்க்கப்பட்டது."

எல்லோருக்கும் திருப்தி. கோப்பு நேராக இருந்ததால் பொறியாளருக்குத் திருப்தி. கோரிக்கை நிறைவேறியதாக எழுத்தில் வந்ததால் பெற்றவர்களுக்குத் திருப்தி. பந்து அதற்குப் பிறகும் உள்ளே போகவில்லை. "முழங்கை இன்னும் சாயணும்," என்றார் கோச். அவர்கள் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டிருக்க, அந்தப் பெண் அதே வளையத்தில் இருபத்தாறு நாள் விடாமல் நேராகப் போட்டுப் பழகினாள். முதல் வாரம் நூற்றுக்கு நூறும் வெளியே. கடைசி வாரம் பத்துக்கு ஒன்பது உள்ளே.

மாநில அணியில் எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் இடமும் கிடைத்தது.

நகராட்சி பாராட்டு விழா நடத்தாமல் விடுமா? வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். அவளுடைய பழைய படம், முழங்கை வெளியே, இடுப்பு ஒடிந்து. "சாய்வு பாணியின் சாதனைச் செல்வி" என்று ஆளுயர எழுத்து. பேனரின் இடது முனை மூன்று விரல் இறங்கியிருந்தது. தலைவர், பொறியாளர், கோச், பெற்றவர்கள் என்று வந்த கூட்டம் மொத்தமும் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு பார்த்தது. அப்படிப் பார்த்தால் பேனர் நேராகத்தான் இருந்தது.

மகள் பின்னாலிருந்து வந்து இரண்டு விரலால் நிமிர்த்திவிட்ட பிறகுதான், தன் தலையும் சாய்ந்திருந்தது சரிபார்த்தவருக்குத் தெரிந்தது.