முகத்துவாரத்துல விட்ட பூசணிக்காய்

எண்ணூர் முகத்துவாரத்துல தண்ணி என்ன வேகத்துல கடலுக்குப் போவுதுன்னு பாத்துட்டு வரணும். அன்னிக்கு எனக்கு அவ்ளோதான் வேலை.

சுதந்திரம் வந்த புதுசு. நான் இன்ஜினீயர் ஆனதும் புதுசு. மழைத்தண்ணி, வெள்ளம், வாய்க்கால், இதான் என் படிப்பு. எங்க பெரிய இன்ஜினீயர் கூப்பிட்டு, "மத்தியானம் நானே வருவேன். வேகம் சரியா எடுத்து வெச்சா உன் வேலை பர்மனென்ட். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கோ"ன்னுட்டாரு.

வேகம் அளக்கற மெஷின் ரிப்பேர். போவட்டும், மூளை இருக்கே. கரையில ரெண்டு கம்பு நட்டு, மிதக்கற சாமான் ஒண்ணை விட்டு, இந்தக் கம்புலேர்ந்து அந்தக் கம்புக்குப் போற நேரத்தைக் கடிகாரத்துல பாத்தா தீர்ந்தது.

கட்டையை விட்டா காத்து தள்ளிடும். பாதி முழுகி மிதக்கணும், தூரத்துலயும் தெரியணும். ரொம்ப யோசிச்சு, ராயபுரம் மார்க்கெட்டுல மூணு வெள்ளைப் பூசணிக்காய் வாங்கினேன்.

கடை அண்ணாச்சி, "என்ன தம்பி, புது வீடு பால் காய்ச்சப் போறீயளா?"ன்னாரு.

"இல்ல அண்ணாச்சி, விஞ்ஞானம்"னு பெருமையா சொல்லிட்டு வந்தேன்.

தண்ணியில வெச்சுப் பாத்தா, காய் ரொம்ப மேல மிதக்குது. சரின்னு உச்சியில ஓட்டை போட்டு உள்ள கல்லு போட்டேன். வெயில்ல காய் சரியாத் தெரியலை. ஓட்டையைச் சுத்தி சிவப்புப் பெயின்ட் அடிச்சேன். என்னை நானே மெச்சிகினு மூணையும் விட்டேன்.

இதுக்குள்ள உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கலை.

காய்ங்க ஜோரா போச்சு. கொஞ்ச தூரத்துல கத்திவாக்கத்துப் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில நின்னு கையால எறா தடவிகினு இருந்தாங்க. ரெண்டு காய் நேரா அவங்க நடுவுல பூந்துச்சு.

ஒரே கூச்சல். அத்தினி பேரும் கரையில.

அதுல பொன்னம்மான்னு ஒருத்தங்க இடுப்புல கை வெச்சிகினு எங்கிட்ட வந்தாங்க. "எந்த வூட்டுக் கண்ணைக் கழிச்சி எங்க தண்ணியில வுட்ற சார்?"

"ஐயோ, திருஷ்டி இல்லம்மா. தண்ணி வேகம் பாக்கறேன்."

"இன்னாத்துக்கு?"

"மழை வந்தா எவ்ளோ தண்ணி கடலுக்குப் போவும்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சிகினு இன்னா, நிறுத்தப் போறியா?"

காலேஜ்ல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை.

"தோ பாரு நைனா. இது கெடக்கற வரைக்கும் எவளும் தண்ணியில எறங்க மாட்டா. எங்க பொழப்பு போச்சு. திருஷ்டி கழிச்ச காயை எவனும் வாயில வைக்க மாட்டான். இது அது இல்லன்றியே, துன்னு காட்டு."

நானே போயி ரெண்டையும் கரைக்குத் தூக்கினேன். பெயின்ட் படாத பக்கமா அரிஞ்சு குடுத்தாங்க. பச்சைப் பூசணிக்காய் தின்னிருக்கீங்களா? ஈரத்துணியை மெல்லற மாதிரி இருக்கும். "முழுங்கு சார், முழுங்கு"ன்னு சுத்தி நின்னு பாத்தாங்க. நான் முழுங்கினப்புறம்தான் தண்ணியில எறங்கினாங்க. பொன்னம்மா மட்டும், "வீணாப் போவானேன்"னு ரெண்டாவது காயைத் தோல் சீவி, கரையிலயே அடுப்பு மூட்டி எறாவோட சட்டியில போட்டாங்க.

நான் மிச்சத்தை மென்னுகினு இருக்கறப்போ ஜீப் வந்துச்சு. பெரிய இன்ஜினீயர் தண்ணி ஓரமா வந்து நின்னாரு.

"அளக்கற சாமான் எங்கப்பா?"

"ஒண்ணு என் வயித்துல இருக்கு சார். ஒண்ணு சட்டியில கொதிக்குது."

"அப்புறம்?"

"நேரம் பாக்கறதுக்குள்ள மூணாவது கடலுக்குப் போயிடுச்சு சார்."

"உன் வேலையும் அது கூடவே போவட்டும்."

வாயில இருந்த மிச்சப் பூசணிக்காயும் மெல்லாமலே உள்ள போயிடுச்சு.

அந்த நேரம் பாத்து கடல் தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சது. முகத்துவாரத்துல தண்ணி போவும், திரும்பியும் வரும். அதைப் பரீட்சையில எழுதி பாஸ் பண்ணவன் நான். காலையில சுத்தமா மறந்துட்டேன். மூணாவது காய் ஆடி அசைஞ்சு வந்து, சிவப்பு வாயைக் காட்டிகினு, அவரு பூட்ஸ்ல முட்டி நின்னுச்சு.

பெரிய இன்ஜினீயருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

பொன்னம்மா என்னைப் பாத்துக் கண்ணடிச்சிட்டு, மூஞ்சிய உம்முனு வெச்சிகினாங்க. "கடலுக்குப் போனது திரும்பி வந்து யார் காலைத் தொடுதோ, அவுங்க வூட்டுக்கு ஆவாது சார். வுட்டவரே மனசார எடுத்தாதான் தீரும். இப்ப அவரைப் போயி நோவடிச்சிட்டியே."

"எடுப்பா, எடுத்துடு"ன்னாரு அவரு.

"வேலை போச்சுன்னீங்களே சார்."

"யாருப்பா சொன்னது? பர்மனென்ட்தான். வேகத்தை நாளைக்கு மெதுவா எடு. இதை மொதல்ல எடு."

ஜீப் வந்ததை விட வேகமாப் போச்சு. அன்னிக்கு நான் சரியாப் பாத்த வேகம் அது ஒண்ணுதான்.

அதுலேர்ந்து ரிட்டயர் ஆவற வரைக்கும் தண்ணியில விட நான் எடுத்துகினு போனது ஆரஞ்சுப் பழம்தான். தின்னச் சொன்னாலும் கஷ்டமில்லை.