மறிக்குட்டிக்கு நான் பார்த்த வைத்தியம்

நான் பொய் சொல்லிக் கல்யாணம் முடிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் புளியந்தீவில் ஒரு டிஸ்பென்சரியில் வேலை என்று தரகர் சொன்னார். அது உண்மை. பெண் வீட்டார் அதை 'டொக்டருக்கு அடுத்த ஆள்' என்று விளங்கிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. (டொக்டருக்கு அடுத்த மேசையில்தான் இருந்தேன் என்பதும் உண்மையே.) அங்கே என் வேலை, ஒரு வேளைக்கு எவ்வளவு மருந்து என்று காட்டும் காகிதப் பட்டியை வெட்டிப் போத்தல்களில் ஒட்டுவது. அதிலும் வாரத்துக்கு இரண்டைத் தலைகீழாக ஒட்டிவிடுவேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். என் மனைவி கனகத்தின் வீடு சித்தாண்டிக்கு அப்பால் இருந்தது. மாமனார் காலமான பிறகு மாமிதான் முப்பது நாற்பது செம்மறிகளை வைத்துப் பட்டியை நடத்திவந்தார். பத்து நாள் லீவில் போன என்னைப் புது மாப்பிள்ளை என்று கதிரையில் இருத்தினார்கள், சாப்பிட எழுப்பினார்கள், மறுபடி கதிரையில் இருத்தினார்கள். நானோ ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். மூன்றாம் நாள் காலையில் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலாகிவிட்டது.

"மாமி, இண்டைக்குப் பட்டிய நான் திறந்து விடுறன்."

"அது பாரமான படலை, மருமகன். நீங்க இருங்க."

இருந்திருக்கலாம். போய்ப் பட்டி வாசல் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகுதான் படலையை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்தது. ஆடுகள் முண்டியடித்து வந்தன, படலை சரிந்தது, கீழே ஒரு குட்டி அகப்பட்டது. பிறந்து ஒரு மாதமான மறிக்குட்டி, பெட்டை. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் ஒன்றை ஊன்ற முடியாமல் கத்தியது.

மாமி ஓடிவந்து பார்த்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. (ஏசியிருந்தால் நான் அடங்கியிருப்பேன்.) "ஏறாவூர்ப் பரிசாரியாருக்கு ஆள் அனுப்புவம். முறிவு பாக்கிறதில அவரப் போல ஆளில்ல" என்றார்.

"பரிசாரியாரா? நான் இரிக்கக்குள்ளயா? எத்தின முறிவு பாத்திருப்பன்!" என்றேன்.

பார்த்திருந்தேன்தான். கண்ணால்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம்மாவும் வந்தன. கமுகஞ் சிலாகைகளைச் சீவினேன். கட்டுவதற்கு என் கல்யாண வேட்டியையே கிழித்தேன், அத்தனை ஆவேசம். குட்டியை மடியில் மல்லாத்தினேன். அது துள்ளியது. நான் திருப்பினேன். மறுபடி துள்ளியது. கடைசியில் பின்னங்காலை இறுகப் பிடித்து அசையாமல் கட்டி முடித்தேன்.

கட்டிவிட்டு இருந்தேனா? அரை மணிக்கொரு முறை போய் அவிழ்த்துத் தடவினேன். எலும்பு நேராக இருந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன். அப்போதும் நேராகவே இருந்தது. அடுத்த நாள் காலையில் அறிவித்தேன்: "பொருந்திட்டு!"

ஒரே நாளில் எலும்பைப் பொருத்திய டொக்டரைப் பார்க்க அயல் முழுவதும் வந்தது. கனகம் மட்டும் குட்டியின் பக்கத்தில் குந்தியிருந்து, துணியைப் பாலில் நனைத்து அதன் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மத்தக் கால் வீங்கியிரிக்கே?" என்றாள்.

"நோவு அங்கால இறங்குது. நல்ல குறி."

"அப்ப ஏன் எழும்புதில்ல?"

"ஓய்வு எடுக்குது. வைத்தியத்தில முதல் விசயமே அதுதான்."

அவள் துணியை மறுபடி பாலில் நனைத்தாள். வேலிக்கு அப்பால் தாய் ஆடு கத்திக்கொண்டே நின்றது. அந்தச் சத்தம் என்னைக் கதிரையில் இருக்கவிடவில்லை. வீட்டு வளவைச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்து கட்டை அவிழ்த்தேன். எலும்பு நேராகவே இருந்தது. பிறகு ஏன் குட்டி எழும்பவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் கனகத்தின் சித்தப்பா வந்தார். வயல்வட்டையில் வரம்பு வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

"மருமகன், ஆட்டுக்குக் கட்டின மாதிரி எனக்கும் ஒண்டு கட்டி விடுங்க" என்று கையை என் மடியில் வைத்தார்.

விதைப்புக் காலம். ஐந்து பிள்ளைகளின் சாப்பாடு அந்தக் கையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். மெல்லத் தூக்கி அவர் மடியிலேயே திருப்பி வைத்தேன்.

"மாமா, மனிசருக்கெண்டா ரெண்டு பேர் சேந்து பாக்கிறதுதான் முறை. பரிசாரியாரையும் கூப்பிடுவம்."

"அவருக்கு நான் விடியவே ஆள் அனுப்பிட்டன்" என்றாள் கனகம் உள்ளேயிருந்து.

பரிசாரியார் மாட்டுக் கரத்தையில் வந்து இறங்கினார். ஏறாவூர் முஸ்லிம் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் 'காக்கா'. சித்தப்பாவின் கையில் எண்ணெய் பூசி நீவினார், ஒரு இழு இழுத்தார், கட்டினார். வெற்றிலை போடும் நேரம்தான். பிறகு, "அந்த அதிசயக் குட்டி எங்க?" என்றார்.

நானே பெருமையாகத் தூக்கிவந்து கொடுத்தேன். கட்டை அவிழ்த்துத் தடவினார். மற்றக் காலைத் தடவினார். குட்டி அலறியது.

"தம்பி, இந்தக் கட்டு ஆர் கட்டின?"

"நான்தான், காக்கா."

"நல்ல கட்டு. ஆனா, முறிஞ்ச கால ஏன் சும்மா விட்டீங்க?"

சித்தப்பா அவசரமாகத் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்து, கட்டியிருப்பது சரியான கைதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். உள்ளே கனகம் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணம் முடிந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரித்துக்கொண்டே அழுகிறாள் என்பது வெளியே வந்தபோது தெரிந்தது. குட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். டொக்டர் இல்லை, டொக்டருக்கு அடுத்த ஆளும் இல்லை, போத்தலில் காகிதம் ஒட்டுகிறவன் என்று.

மாமி அவிழ்ந்து கிடந்த வேட்டித் துணியை எடுத்துச் சுருட்டினார். "ஒட்டுற வேலையும் வேலைதானே" என்றார்.

பரிசாரியார் முறிந்த காலைக் கட்டி, "இருபத்தொரு நாளைக்கு ஒருத்தரும் அவிழ்க்கப்படாது" என்று எல்லோருக்கும் பொதுவாக, என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். எனக்கு லீவு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மாமி அன்றைக்கே என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

குட்டி பிழைத்தது, வளர்ந்து அதுவும் குட்டிகள் போட்டது. கொஞ்சம் சரிந்து நடக்கும். என்னைக் கண்டால் மட்டும் நேராக ஓடும், எதிர்ப்பக்கமாக.

போன மாரியில் கிணற்றடியில் வழுக்கி என் இடது கணுக்கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றும்போது கனகம் குங்குமச் சிமிழோடு ஓடிவந்து, என் இடது முழங்காலில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

அங்கே டொக்டர் அதைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"பழுதான கால் இதுதான், டொக்டர்" என்றவள், கட்டிலோரத்தில் வசதியாக இருந்துகொண்டு கதையை முதலிலிருந்து தொடங்கினாள். டொக்டர் கேட்டார், நேர்ஸ்மார் கூடினார்கள், பக்கத்துக் கட்டில்காரர் தலையணையை நிமிர்த்திக்கொண்டார். எல்லோரும் சிரித்து முடியும்வரை என் கால் முறிந்தபடியே காத்திருந்தது.