நீர்மோர்ப் பந்தலில் உயர்தர இசை

தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவனுக்கு மனசுக்கு இதமாக ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்கு வேண்டியது தூக்கம். அது புரியாமல் நான் இசையில் போய் விழுந்தேன். தனியாக விழுந்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

எனக்கு வீடு திருத்தணியில், வேலை அம்பத்தூரில். விடிவதற்குள் கிளம்பி, விளக்கு வைத்தபின் திரும்புகிற பிழைப்பு. ஒருநாள் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் காதிலிருந்த இயர்போனைப் பார்த்து, இரக்கத்தோடு சொன்னார்: "நீங்க கேக்கறது பாட்டே இல்ல சார். பாட்டோட ஜெராக்ஸ்." சொன்னதோடு விடாமல் தன்னுடைய பெரிய ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். நாதஸ்வரம். வாசித்தவர் ஒரு அடியை முடித்துவிட்டு அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தது அப்படியே கேட்டது. அந்த மூச்சோடு என் நிம்மதி போயிற்று.

அடுத்த சில வாரங்களில் வீட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்தது. நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வந்தன. 'உச்சத் தரம்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்த பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா கட்டினேன். முதல் நாள் என் மனைவி புவனாவை உட்காரவைத்து, "நல்லா கவனி, இப்ப மூச்சு வாங்குவாரு பாரு" என்றேன். கவனித்தாள்.

"இவரு மூச்சு வாங்கறத கேக்கத்தானா இவ்ளோ செலவு? மூணு மாடி தண்ணி தூக்கிகினு வந்து நான் வாங்கற மூச்சு உங்க காதுல வுழுந்ததே இல்லயே" என்றாள். (எங்கள் வீடு இரண்டே மாடி. கோபம் வந்தால் அவளுக்கு ஒரு மாடி கூடிவிடும்.)

இசை வந்துவிட்டது. அது வருகிற பாதைதான் ஒற்றையடிப் பாதையாக இருந்தது. எங்களுடையது தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கிற ஏழுமலை இழுத்துக்கொடுத்த இன்டர்நெட். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு. அதைத் தாண்டினால் எறும்பு வேகம். உச்சத் தரத்தில் ஒரு கீர்த்தனை கேட்டு முடிப்பதற்குள் நடுவில் நின்று நின்று வட்டம் சுற்றும். நான் ஏழுமலையிடம் சண்டைக்குப் போனேன். அவன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க கேக்கறது பாட்டா, படமா? ஒரு ஆளு பாட்டு கேட்டு இவ்ளோ இழுத்து நான் பாத்ததில்ல சார்" என்றான்.

அதனால் வீட்டில் சட்டம் போட்டேன். நான் பாட்டுக் கேட்கிற நேரத்தில் ஒருவரும் நெட்டைத் தொடக் கூடாது. மகள் தேன்மொழி பள்ளிக்கூடப் பாட வீடியோ பார்க்கக் கூடாது. புவனா தன் அக்காவோடு வீடியோ காலில் பேசக் கூடாது. நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

இந்த நிலையில்தான் புவனாவுக்கு ஒரு நேர்காணல் வந்தது. ஆன்லைனில் புடவை விற்கிற ஒரு பெங்களூர் நிறுவனம். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசிக் குறை தீர்க்கிற வேலை. தமிழும் தெலுங்கும் சரளமாக வர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். புவனா ஆந்திரா பக்கம் புத்தூர்க்காரி, இரண்டும் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. தேன்மொழி பிறந்தபோது விட்ட வேலை, அதற்கப்புறம் ஒன்றும் அமையவில்லை. நான் அலுத்துக் களைத்து வருவதை அவள் பார்த்தாளே தவிர, அவளுக்குள் என்ன அலுப்பு சேர்ந்துகிடந்தது என்று நான் பார்த்ததில்லை. இந்த வேலை வேண்டும் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கேள்வி கேட்க ஆளில்லாமல் அடுப்படியில் குக்கரைப் பார்த்துத் தெலுங்கில் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

நேர்காணல் வீடியோ காலில். அவர்கள் கொடுத்த நாள் ஆடிக் கிருத்திகை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு அது ஒரு கிழமை. எங்களுக்கு அது ஊரே மஞ்சளாகிவிடுகிற நாள். காவடி எடுத்து வருகிறவர்கள் தெருவெல்லாம் நிறைந்திருப்பார்கள். பாதிப்பேர் ஆந்திராவிலிருந்து வருவார்கள். அன்று மொபைலில் சிக்னல் கோடு நிறைய காட்டும், போன் கால் மட்டும் போகாது. அத்தனை லட்சம் பேர் மலையைக் காட்டி வீடியோ கால் பேசினால் டவர் என்ன செய்யும்? ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே வழி ஏழுமலையின் ஒயர்தான். வேறு நாள் கேட்டுப்பார் என்றேன். "முதல் வாட்டியே நாள் மாத்திக் கேட்டா எப்பிடிங்க?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா?

கிருத்திகைக்கு எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுவது வழக்கம். அந்த வருஷம் பந்தல் எங்கள் வீட்டு கேட்டை ஒட்டி. மாவு மில் மணி அண்ணன்தான் பொறுப்பு. அவர் வழக்கம்போல் கூம்பு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இறக்கினார். அதில் முருகன் பாட்டுப் போட்டால் முருகனே காதைப் பொத்திக்கொள்வார். என் ரத்தம் கொதித்துவிட்டது.

"அண்ணே, அத எடுத்துட்டுப் போங்க. என் செட்டு போடறேன்."

"தம்பி, இது ரோடு. உன் சாமான் கண்ணாடி மாதிரி இருக்குது. வாணாம்."

"பக்தருங்க ஒரு நாளாவது நல்ல தரத்துல கேக்கட்டும்ணே."

"அவங்க மோரு குடிக்க வர்றாங்க தம்பி" என்றார் மணி அண்ணன். அந்த ஒரு வாக்கியத்தை நான் மதித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

முந்தின நாள் மாலை செட்டைப் பந்தலுக்கு மாற்றினேன். வீட்டுக்குள்ளிருந்து பாட்டு ஒயர் எட்டாததால் ப்ளூடூத்தில் இணைத்தேன். (அப்படி அனுப்பினால் அந்த உச்சத் தரத்தில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை இன்றுவரை மணி அண்ணனிடம் சொல்லவில்லை.) முதலில் வீட்டு லேப்டாப்பிலிருந்து போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. அப்புறம் என் போனிலிருந்து போட்டேன், அதுவும் வேலை செய்தது. கரண்டுக்கு முன்னறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. பந்தலில் இருந்த ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்த நீள ஒயரும் அதில், நெட் ரௌட்டரும் அதில்.

புவனாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "பதினோரு மணிக்கு இன்டர்வியூ. அதுக்கு முன்னாடியே பாட்டு நிறுத்திடணும். நெட்டு முழுசா எனக்கு வேணும். செய்வீங்களா?"

"உனக்கில்லாததா?" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். அதுதான் தப்பாகிவிட்டது.

பத்தரை மணிக்குப் பாட்டை நிறுத்தி, போனையும் அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, கரண்டியை எடுத்து மோர் ஊற்ற நின்றேன். வெயில், கூட்டம், அரோகரா. மலையடிவாரத்தில் போலீஸ்காரர்கள் மைக்கில் காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே புவனா முன்னறை ஜன்னலருகே லேப்டாப்பைத் திறந்தாள். ஆம்ப்ளிஃபயர் என்ன செய்தது என்றால், என் போனைக் காணோமே என்று தேடியிருக்கிறது. தெரிந்த முகமாக லேப்டாப் கிடைத்ததும் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பதினோரு மணிக்கு என் ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும் ஒரு பெண்குரல் வந்தது.

"புவனேஸ்வரி... புவனேஸ்வரி, நாங்க பேசறது கேக்குதா? எங்க இருக்கீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமைதான். என்ன தெளிவு! பக்கத்தில் நின்று கூப்பிடுவது போலிருந்தது. போலீஸ் மைக்கின் லைன் எப்படியோ என் செட்டில் சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. மோர் டம்ளரோடு நின்ற ஒரு பெரியம்மா, "ஐயோ, கொயந்த தப்பிப் போச்சாம்பா! பேரு புவனேஸ்வரியாம்!" என்று பதறினாள். காவடியை இறக்கிவைத்துவிட்டு இரண்டு பேர் தெருமுனைக்கு ஓடினார்கள். "புவனேஸ்வரி! பாப்பா புவனேஸ்வரி!" என்று நாலு பக்கமும் கூப்பாடு.

நானும் கூப்பிட்டேன். கையில் கரண்டியோடு, தொண்டை கிழிய. என் மனைவியின் முழுப்பெயர் புவனேஸ்வரி என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வீட்டில் அவள் புவனாதானே.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். லேப்டாப்பில் சத்தமே இல்லை. கேள்வி தெருவிலிருந்து வருகிறது. கூடவே புருஷன் அவள் பெயரைச் சொல்லி ஊரைக் கூட்டுகிறான். நெட் போதாமல் பெங்களூர்க்காரர்கள் வீடியோவை வேறு அணைத்துவிட்டிருந்தார்கள். கேள்வி நடுவில் எழுந்து வந்து என்னைத் தடுக்க முடியாது. அந்த நிலையிலும் மகராசி சமாளித்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"ஆங், இப்ப கேக்குது. ரொம்ப சந்தோஷம் புவனேஸ்வரி" என்றது ஸ்பீக்கர்.

"கெடச்சிட்டாளாம்!" என்றார் ஒருவர். அவ்வளவுதான், தெரு முழுக்க அரோகரா. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அடுத்து வந்ததுதான் வினை. புவனாவின் தெலுங்கையும் பொறுமையையும் சோதிக்க, நேர்காணல் எடுத்த அம்மா கோபமான வாடிக்கையாளர் மாதிரி நடித்துக் காட்டியிருக்கிறார். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? "நா சீர இங்கா ராலேதண்டி! எவரிகி செப்பாலி?" என்று ஸ்பீக்கர் அலறியது. என் புடவை இன்னும் வரவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்று அர்த்தம். மோர் குடித்துக்கொண்டிருந்த, ஆந்திராவில் நகரிப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். சரவணப் பொய்கையில் குளிக்கப் போன இடத்தில் யாரோ ஒருத்தியின் புடவை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டார். சத்தம் இந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குச் சரியாகப் புரிந்தது. தன் பையைத் திறந்து மாற்றுக்கு வைத்திருந்த மஞ்சள் புடவையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் தள்ளி விறுவிறுவென்று உள்ளே போனார்.

அதே நேரம் தேன்மொழி வெளியே ஓடிவந்தாள். "நைனா! அம்மாவோட இன்டர்வியூ ஸ்பீக்கர்ல வருது நைனா!"

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. முன்னறையில் புவனா லேப்டாப்பிடம் தெலுங்கில் சாந்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நகரி அம்மா அவள் தோளில் புடவையைப் போர்த்தி, "தீஸ்கோம்மா, ஏடவகும்மா" என்று, எடுத்துக்கோ அழாதே என்று, தேற்றிக்கொண்டிருந்தார். புவனா ஒரு கையால் அவரைத் தட்டிக்கொடுத்தபடியே வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். விட்டிருந்தால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நான் விடவில்லை. சத்தத்தை நிறுத்த வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

ஸ்பீக்கர் நின்றது. ரௌட்டரும் நின்றது.

திரும்பச் செருகினேன். ரௌட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே! போனில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் டவர் பக்தர்களுடையது. நெட் வந்து புவனா மறுபடி காலுக்குள் போகப் பார்த்தபோது அழைப்பு முடிந்துவிட்டது என்று காட்டியது. மெயில் போட்டாள். நாலைந்து நாள் கழித்து, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. அன்று அந்த மஞ்சள் புடவையை மடித்து அந்த அம்மாவிடம் கொடுத்து, உட்காரவைத்துச் சோறு போட்டாள். என்னைப் பார்த்து, "வெளிய மோருக்கு ஆளு நிக்குது, போங்க" என்றாள். அவ்வளவுதான். நான் போய் ஊற்றினேன். மணி அண்ணன் கூம்பு ஸ்பீக்கரை மாட்டினார். எனக்கு அன்றைக்கு வந்த அவமானத்தைவிட, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதுதான் பெரிய கஷ்டம்.

ஐப்பசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். வீட்டில் கேசரி மணத்தது. "இன்னா விசேஷம்?"

"வேல கெடச்சிருக்குது. வேற கம்பெனி. ஒண்ணாம் தேதியிலருந்து."

"இன்டர்வியூ எப்ப நடந்துச்சி?"

"போன வாரம். அரக்கோணத்துல அக்கா வூட்ல."

"என்கிட்ட சொல்லவே இல்லயே புவனா?"

அவள் கேசரியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தேன்மொழிதான் சொன்னாள்: "எல்லாம் முடிஞ்ச பின்னாடி நைனாகிட்ட சொல்லலாம்னு அம்மா சொல்லிச்சி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை. எந்த நல்ல காரியமும் முடிந்த பிறகுதான் என் காதுக்கு வரும். புவனாவின் அக்கா வீட்டிலும் இது தொற்றிவிட்டது. அவர்கள் மகனுக்குப் பெண் பார்த்தது, உறுதி செய்தது எல்லாம் எனக்குக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். "அவருகிட்ட கடைசியா சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது மணி அண்ணன் மில் வாசலில் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா, பொண்ணு மாவட்ட கபடி டீம்ல செலக்ட் ஆயிட்டாளாமே, ஸ்வீட் எங்க?" தெருவுக்கே தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவனாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருவரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ம்மா, நைனா பாவம்மா. சொல்லிடலாமா?"

"மேட்ச் முடியட்டும்டி."

மேட்ச் அடுத்த மாதமாம். நல்ல பெண், நன்றாக ஆடுவாள். நான் காத்திருக்கிறேன்.