கென்டக்கி அண்ணையும் புளி போட்டுத் தேய்த்த துவக்கும்

துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்து, முதல் வேலையாகத் துவக்கே வாங்கிய தமிழன் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கென்டக்கி அண்ணை. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வதிவிட அனுமதிப் பத்திரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பேர்லின் நொய்கெல்னில் ஓர் அறையில் மூன்று பேர் இருந்தோம். அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவுவார். ஞாயிறானால் பழைய சாமான் சந்தை. ஒருநாள் போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றைச் சுரங்க ரயிலில் தூக்கி வந்தார். திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து மகிழ்ந்தோம். அவிழ்த்தால், என் உயரத்துக்கு ஒரு துவக்கு!

"ஐயோ அண்ணை, எங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்!"

"விசர்க்கதை கதையாதை. இருநூறு வருசத்துப் பழசு, லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவில இதுக்குக் கென்டக்கித் துவக்கெண்டு பேர். செய்தவங்கள் ஆர் தெரியுமோ? இங்கயிருந்து அங்க பிழைக்கப் போன ஜெர்மன்காரர். எங்களைப்போல வந்தான் வரத்தான்!"

அன்றிலிருந்து சாமிப் படத்துக்கு மூலை, துவக்குக்குச் சுவர். அதன் அடிக்கட்டையில் பித்தளைத் தகடு ஒன்று பழுப்பேறிக் கறுத்துக் கிடக்கும். வெள்ளைக் கையுறை போடாமல் அதைத் தொட்டால் அன்று வீடு இரண்டுபடும். "அது ஊத்தையில்லையடா, வயசு! துடைச்சால் துவக்கு செத்துப்போகும்!"

முன்வீட்டுக் கிழவி ஜன்னலால் பார்த்துப் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். வந்த இருவருக்கும் அண்ணை கையுறை மாட்டி, அரைகுறை ஜெர்மனில் அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். ஒருவர் கையுறையைக் கழற்ற மறந்தே போய்விட்டார்.

ஊரிலிருந்த மனைவியைக் கூப்பிட அண்ணை ஆறு வருடமாக அலுவலகங்களில் போடாத அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், இல்லை. ஒருவழியாக அனுமதி கிடைத்தது. நாங்கள் இருவரும் பக்கத்துத் தெருவுக்கு மாறினோம். நாங்கள் பெட்டிகளைத் தூக்கிவர, அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, வந்தார்; கையில் பையோடு சுவரைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

அண்ணை பழையபடி பிழைக்கப் போன ஜெர்மன்காரர் கதையில் தொடங்கினார். அக்கா கையை உயர்த்தினார்.

"துவக்குக்கு என்ர தம்பியைக் குடுத்திட்டு வந்திருக்கிறன். இது இருக்கிற வீட்டில என்னால இருக்க ஏலாது."

அண்ணையின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நாளைக்கே குடுத்துப்போடுறன்," என்றார். "ஆனா ஒண்டு சொல்லோணும். இதுக்கு மருந்து போட்டு, குண்டு வைச்சு, குத்தி இறக்க ஒரு நிமிசம் வேணும். அதுக்குள்ள சுடுறவன் மனம் மாறலாம். மற்றவன் ஓடித் தப்பலாம். அதுக்குத்தான் எனக்கு இதில ஆசை. எங்கட ஊரில வந்த துவக்குகள் ஆருக்கும் ஒரு நிமிசம் குடுக்கேல்லை."

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

மறுநாள் துவக்கை எடுத்துப்போக அண்ணையின் சந்தைக் கூட்டாளி, ஒரு தாடிக்கார ஜெர்மன்காரர் வந்தார். தூக்கிவிட நானும் போனேன். கதவைத் திறந்ததும் புளி மணம். அக்கா தரையில் அமர்ந்து, மடியில் துவக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பித்தளை, திருவிழாக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"வீட்டில வைச்சிருக்கிற சாமானை இப்பிடியே வைச்சிருக்கிறது? எவ்வளவு ஊத்தை!"

தாடிக்காரர் தலையில் கைவைத்துக் கதிரையில் சாய்ந்துவிட்டார். இருநூறு வருடப் பழுப்பு ஒரு தேசிக்காயளவு புளியில் போயிருந்தது. சேகரிப்பவர்களுக்கு அந்தப் பழுப்புப் போனால் பாதி உயிர் போனமாதிரி. இனி அண்ணை போடப்போகும் சத்தத்தில் கூரை பறக்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், அண்ணை துவக்கைப் பார்க்கவில்லை. புளியில் ஊறிச் சுருங்கியிருந்த அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறை இல்லாத கையால் தகட்டைத் தடவினார்.

"நல்ல வடிவாயிருக்கு," என்றார். "இஞ்ச, இந்த மூலையை விட்டிட்டீர். அதையும் தேய்ச்சு விடும்."

அந்த விசரனை அண்ணை என்று கூப்பிடுவதில் அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.