வீழாநகர் விழாமல் நின்ற கதை

ஒரு காட்டில் ஒரு நகரத்தை ஆமையின் முதுகில் கட்டிவிட்டார்கள். தப்பு அங்கேதான். மற்றதெல்லாம் அப்புறம் வந்தது.

சின்ன ஆமை இல்லை. அந்த உலகத்தில் ஆமைகள் மலை உயரம். ஒரு தடவை படுத்தால் முதுகில் மண் சேரும், மரம் வளரும், ஓடை ஓடும். முதலில் வந்த விலங்குகள் அதை மேடு என்று நினைத்தார்கள். பக்கத்தில் ஆறு, வெள்ளம் வந்தாலும் ஏறாது, நல்ல இடம் என்று குடியேறிவிட்டார்கள். மேட்டின் ஓரத்தில் பாறை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாறைக்கு இரண்டு கண் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற கூட்டம் இல்லை அது.

ஊருக்கு வீழாநகர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த மழைக்காலத்திலேயே விழுந்தது.

ஆமை தூக்கத்தில் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். இவர்கள் நில அதிர்ச்சி என்றார்கள். அழுதார்கள். எழுந்து மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை உறுதியாக நிற்கட்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் கருவேலங்கட்டையைக் கூராகச் செதுக்கித் தரைக்குள் அறைந்தார்கள். அதற்கு முளைக்கட்டை என்று பெயர்.

முதுகில் கட்டையை அறைந்தால் யாராவது சும்மா படுத்திருப்பார்களா? ஆமை நன்றாக நெளிந்தது. ஊர் நன்றாக விழுந்தது. அடுத்த தடவை இன்னும் நீளமான கட்டை. அதற்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. வீழாநகரின் வரலாறு என்றால் இவ்வளவுதான். இதைத் தடித்தடிப் புத்தகங்களாக எழுதி நூலகத்தில் அடுக்கினார்கள். நூலகமும் விழுந்தது.

விழுந்த கையோடு விழா நடக்கும். எழுந்த நாள் விழா. தோரணம், மேளம், மைக். நகரத் தலைவர் கோளப்பன் மேடை ஏறுவார். காட்டெருமை. அவர் ஏறினால் மேடையே ஒரு தடவை விழுந்து எழும்.

"விழுவோம்!" என்பார்.

"எழுவோம்!" என்று கூட்டம் கத்தும்.

விழாமல் இருந்தால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இடிபாட்டைச் சுற்றிப் பார்த்து, "என்னா மனதைரியம்!" என்று உச்சுக்கொட்டிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, விழாத தங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நகரங்களின் பேரவை 'தளராத நகரம்' என்று பட்டயம் கொடுத்தது. அதைச் சுவரில் மாட்டினார்கள். அந்தச் சுவரும்... சரி, விடுங்கள்.

அந்த ஊரில் செங்கமலம் என்று ஒரு முள்ளம்பன்றி. இரண்டு குட்டிகள். முந்தின அதிர்ச்சியில் தூண் விழுந்து புருஷன் செத்தான். சின்னக் குட்டிக்கு ஒரு கால் போய்விட்டது. விழாவில் கோளப்பன் அந்தக் குட்டியை மேடைக்கு ஏற்றி, "இதுதான் வீழாநகர்!" என்றார். குட்டிக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். செங்கமலத்துக்கு மனதைரியம் எல்லாம் வேண்டாம். வீடு நின்றால் போதும்.

அவள் குட்டிகளுக்காக வீட்டுக்கு அடியில் ஒரு பள்ளம் தோண்டினாள். மேலே எது விழுந்தாலும் உள்ளே பதுங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. முளைக்கட்டையை ஒட்டித் தோண்டினாள். மண் தீர்ந்து ஓடு வந்தது. ஓட்டின் விரிசலில் இருந்து முனகல் வந்தது.

"யாரு அங்க?" என்றாள்.

"உன் வீட்டைச் சுமந்துக்கிட்டுப் படுத்திருக்கேன். என்னையே யாருங்கறியா?"

செங்கமலம் விரிசலில் காதை வைத்தாள். ஆமை சொன்னது: "உங்க ஆளுங்க அடிச்ச கட்டை ஓட்டைத் தாண்டிச் சதையில நிக்குது. மூச்சு விட்டா குத்துது. அதான் நெளியறேன்."

"தெரியாம நடந்துபோச்சுங்க ஐயா."

"இப்ப தெரிஞ்சுக்க. இன்னும் ஒரு விரக்கடை இறங்குச்சுன்னா எழுந்து நேரா ஆத்துக்குள்ள போய் முழுகிருவேன். புண்ணுக்குத் தண்ணி இதமா இருக்கும்."

"அப்ப நாங்க?"

"நீங்கதான் விழுந்து எழற கூட்டமாச்சே. தண்ணிக்கு அடியில எழுந்துக்கங்க."

செங்கமலம் நகராட்சிக்கு ஓடினாள். ஓடி என்ன, வரிசை தெருமுனை வரை நின்றது. அவள் முறை வந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திறக்கவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

"என்னம்மா புகார்?"

"நம்ம ஊருக்கு அடியில ஒருத்தர் இருக்காருங்க. நாம அடிச்ச கட்டை அவருக்குக் குத்துது."

"பாதிக்கப்பட்டது அவரா, நீயா?"

"அவருதாங்க."

"நேர்ல வரச் சொல்லு."

"அவரு வந்தா ஊரே கவுந்துருங்க."

"வராம புகார் எடுக்க முடியாது. கதவு நம்பர் என்ன?"

"எல்லாக் கதவும் அவரு மேலதாங்க இருக்கு."

"வரி கட்டறாரா?"

"இல்லீங்க."

"அப்ப அவரு ஆக்கிரமிப்பு. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் போகும். அதுக்கு அந்தக் கடைசி ஜன்னல்." தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டது.

அவள் விடவில்லை. தலைவர் அறைக்குள் புகுந்தாள். அங்கே கோளப்பனும் தலைமைப் பொறியாளர் சிகாமணியும் இருந்தார்கள். சிகாமணி ஒரு மரங்கொத்தி. நேர்மையானவர். ஊரார் வீட்டில் ஒரு டீ குடிக்கமாட்டார். ஒரு அங்குலம் குறைந்தால் விடமாட்டார். ஊருக்குப் பிடித்த சனி அதுதான்.

விஷயத்தைக் கேட்டுக் கோளப்பன் சிரித்தார். "ஊருக்கு அடியில நம்ம முன்னோர்களோட உழைப்பு இருக்கும்மா. வேற ஒண்ணும் கிடையாது."

"முனகறாருங்க. நீங்களே வந்து கேளுங்க."

"பாவம், புருஷன் போனதுல இருந்து இப்படித்தான்" என்றார் கோளப்பன், அவள் அங்கே இல்லாததுபோல.

சிகாமணி மட்டும் பதில் சொன்னார். நேர்மையானவர் இல்லையா. "அதிர்ச்சி வருதுன்னா கட்டை பத்தலைன்னு அர்த்தம். இந்தத் தடவை ரெண்டு மடங்கு நீளம். ஊர் முழுக்க."

"ஐயா, அடிக்க அடிக்கத்தானே ஆடுது?"

"நீ படிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்குச் சந்தேகம் வரக்கூடாது."

வேலை காண்ட்ராக்டுக்கு விடப்பட்டது. எடுத்தவன் பொன்னுரங்கம். பெருச்சாளி. ஊரில் நல்ல பெயர் கிடையாது. அவன் கட்டிய பாலத்தில் அவனே நடக்கமாட்டான், நீந்திப் போவான். ஆனால் டெண்டர் வந்தால் அவனுக்குத்தான். ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கே தெரியும்.

பொன்னுரங்கம் முதல் காரியமாகத் தெருத் தெருவாகப் பச்சைத் துணி கட்டினான். 'வேலை நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பலகை வைத்தான். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டால் துணிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

செங்கமலத்துக்கு ஓடிப்போகவும் வழியில்லை. ஊரைவிட்டுப் போனவர்களுக்குக் கோழை என்று பட்டம் கட்டி, வீட்டைப் பிடுங்கிக்கொள்வது அங்கே சட்டம். குட்டிகளை இழுத்துக்கொண்டு ஆமையின் தலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எழுந்தால் காலைப் பிடித்துக் கெஞ்சலாம் என்று. அவ்வளவு பெரிய காலில் எதைப் பிடிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

சம்மட்டிச் சத்தம் ஆரம்பித்தது. தொம். தொம். சின்னக் குட்டி அவள் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தெருத் தெருவாகச் சத்தம் நகர்ந்தது. ஆமை கண்ணைத் திறந்தது. இதோ எழப்போகிறது என்று செங்கமலம் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றாள்.

"யாரும்மா முதுகைத் தட்டிக்குடுக்கறது?" என்றது ஆமை. "நல்லா இருக்கு."

"ஐயா, குத்தலையா?"

"அந்தப் பழைய குத்தலைக்கூடக் காணோம். எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குறட்டை விட்டது.

செங்கமலம் நேராகப் பச்சைத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பொன்னுரங்கம் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் உருவிப்போட்ட பழைய முளைக்கட்டைகள். நுனியெல்லாம் காய்ந்த ரத்தம். இன்னொரு பக்கம் அவற்றை அறுத்த துண்டுகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம்கூட இல்லை. மேலே மட்டும் புதுச் சாயம்.

"அக்கா, சத்தம் போடாதீங்க" என்றான். "எல்லாரும் பண்றதுதான்."

"என்னடா பண்ற?"

"பழசை உருவறேன். துண்டு போடறேன். புதுசுன்னு அடிக்கறேன்."

"அப்ப நகராட்சி குடுத்த புது மரம்?"

"அது மச்சான் கடைக்குப் போயிருச்சு."

"பழைய கட்டை எல்லாத்தையும் உருவிட்டியா? ஒண்ணாவது உள்ள விட்டியா?"

பொன்னுரங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தியமா ஒண்ணுகூட விடலக்கா. தொட்ட வேலையை அரைகுறையா விடறவன் நான் இல்ல."

புருஷன் செத்த பிறகு செங்கமலம் முதன்முதலாகச் சிரித்தாள். "நல்லா இருப்படா தம்பி. அடுத்த வேலையையும் நீயே எடு" என்றாள். அவன் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு, பல நாள் சோறு இறங்காமல் அலைந்தான்.

மழைக்காலம் வந்தது, போனது. ஊர் விழவில்லை. அடுத்த மழையிலும் விழவில்லை. ஆடாத தரையில் எந்த வீடும் நிற்கும். விழாக் கமிட்டிக்கு வேலை போயிற்று. விழாத ஊரை யார் பார்க்க வருவார்கள்? வெளியூர்க் கூட்டமும் நின்றது. கோளப்பன் கொஞ்ச நாள் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். பிறகு 'விழவே விடாத தலைவர்' என்று தனக்குத் தானே பேனர் வைத்துக்கொண்டார். செங்கமலத்தின் சின்னக் குட்டி மூன்று காலில் ஓடப் பழகிவிட்டது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நேர்மை குறுக்கே வந்தது.

சிகாமணி தன் முளைக்கட்டைகளின் அழகை ரசிக்கப் போனார். அலகால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் சரியில்லை. தெரு முழுக்கத் தட்டிப் பார்த்தார். நேராக மைக் முன்னால் வந்து நின்றார். ஊர் கூடியது.

"மோசடி! எல்லாம் குட்டைக் கட்டை. பொன்னுரங்கத்தை உள்ள தள்ளணும். எல்லாத்தையும் பிடுங்கிட்டு என் செலவுல, என் மேற்பார்வையில, முழு நீளத்துக்கு நானே அடிப்பேன்!"

கூட்டம் கைதட்டியது. பொன்னுரங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றான். செங்கமலம் கூட்டத்தில் இருந்து நழுவி ஆமைத் தலைக்கு ஓடினாள்.

"ஐயா, எழுந்திருங்க. இல்ல இல்ல, எழுந்திராதீங்க! படுத்தபடியே முனகுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சா மறுபடி அடிப்பாங்க. குத்துதுன்னு நினைச்சா, கட்டை ஆழமா இறங்கிருச்சுன்னு விட்டுருவாங்க."

ஆமை யோசித்தது. "என்ன ஊருடி உங்க ஊரு?" என்றது. "சரி, எப்ப முனகணும்?"

"தரையை நான் காலால உதைக்கறப்ப."

செங்கமலம் திரும்பி வந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் அதுவரை பொய் சொன்னதில்லை. "கட்டை அடிவரைக்கும் போயிருக்கு" என்றாள். "எனக்குத் தெரியும். கீழ இருக்கறவரு இன்னும் முனகறாரு. அன்னிக்கே ஆபீஸ்ல வந்து சொன்னேன்."

கோளப்பன் துள்ளி எழுந்தார். தேர்தல் பக்கத்தில் இருந்தது. மோசடி என்று வந்தால் முதலில் விழுவது அவர் பேனர். "ஆமா! அன்னிக்கே சொன்னா! நான்தான் சாட்சி! கீழ ஒருத்தர் இருக்காருன்னு எனக்கு அப்பவே தெரியும்!"

சிகாமணி ஒருவர் பேச்சையும் நம்பவில்லை. தரையில் காதை வைத்தார். செங்கமலம் காலை ஓங்கி உதைத்தாள்.

ஆமை முனகியது. கொஞ்சம் கூடுதலாகவே நடித்தது. "ஐயோ, குத்துதே! உயிர் போகுதே!" என்று ஊர் முழுக்கக் கேட்டது.

சிகாமணி நிமிர்ந்தார். கண்ணில் நீர். "முழு ஆழம்" என்றார். "உயிர் இருக்கற இடம் வரைக்கும் போயிருக்கு. என் காதுதான் தப்பு. பொன்னுரங்கம், என்னை மன்னிக்கணும்."

காலுக்கு அடியில் ஒருவருக்கு உயிர் போகிறது என்று எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருவர்கூட யார் என்று கேட்கவில்லை. கைதட்டினார்கள். மேளம் அடித்தார்கள். பொன்னுரங்கம் செங்கமலத்தைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வரலாற்றைத் திருத்தி எழுதினார்கள். கோளப்பனின் துணிவும் சிகாமணியின் நேர்மையும் வீழாநகரைக் காத்தன என்று எழுதியிருக்கிறது. நூலகம் இப்போது நிற்கிறது, போய்ப் பாருங்கள். செங்கமலத்துக்கு அதில் ஒரு வரி. அதுவும் 'முனகலைக் கேட்ட பெண்' என்று, பெயர் இல்லாமல்.

நகர் நடுவில் கோளப்பனுக்குச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டார்கள். பெரிய சிலை. அதைத் தாங்க ஊரிலேயே நீளமான முளைக்கட்டையை அடிக்க வேண்டும் என்று சிகாமணி வரைந்து கொடுத்தார். அந்த இடம் ஆமையின் நெஞ்சுக்கு நேர் மேலே. செங்கமலம் அன்று முழுக்க வாசலிலேயே நின்றாள். வேலையை யார் எடுத்தார்கள் என்று கேட்டுவரப் பெரிய குட்டியை அனுப்பியிருந்தாள். குட்டி வந்து சொன்ன பெயரைக் கேட்ட பிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பொன்னுரங்கம்.

நீதி: திருடனைப் பார்த்ததும் கத்தாதே. என்ன திருடுகிறான் என்று முதலில் பார். உன் முதுகில் அறைந்த கட்டையாக இருந்தால் விளக்கைப் பிடி.