மேனேஜர் திருப்பி அனுப்பிய தட்டுகள்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், சளியைக் கழித்துவிட்டால் நானும் நலம். அங்கே மலைமேல் உங்கள் நலத்தையும் நீங்கள் அளந்துகொண்டிருக்கும் சாலையின் நலத்தையும் அறிய ஆசை. இந்த வீட்டில் நாலாவதாக இருப்பவரின் நலத்தை முதல் பத்தியிலேயே எழுதினால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று, அதை இரண்டாவது பத்தியில் எழுதுகிறேன்.

சித்தி, மேனேஜர் சாப்பிட மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, புதன்கிழமையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை, இன்று வெள்ளிக்கிழமை இரவு. நாளைக் காலை பத்து மணிக்குள் சாப்பிடாவிட்டால் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பூனை பட்டினி கிடந்தால் சீக்கிரமே கல்லீரல் கெட்டுப்போகுமாம். உங்கள் பூனையை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று உங்களிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். அந்தக் காகிதத்தை நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. இதைக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா அப்பா அறையிலிருந்து பார்த்தால் விளக்கு வெளிச்சம் தெரியாத இடம் இது ஒன்றுதான். மேனேஜர் எதிரே வாஷ்பேசினுக்குள் சுருண்டு உட்கார்ந்துகொண்டு, நான் எழுதுவதை மேற்பார்வை பார்க்கிறது. காகிதம் கணக்கு நோட்டின் நடுப்பக்கம். அதற்குத் திங்கட்கிழமை வேறு பதில் சொல்ல வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பாக்கெட் உணவைச் சனிக்கிழமை வரை மேனேஜர் ஒழுங்காகச் சாப்பிட்டது, நான்தான் என் புத்தகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது தீர்ந்ததும் அம்மா காலிப் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "உப்பு எவ்வளவுன்னு போடல, என்ன கறின்னு போடல, இதைக் குடுத்தா வளர்த்தா உங்க சித்தி?" என்றாள். அன்றிலிருந்து மேனேஜரின் சாப்பாடு அம்மா பொறுப்பில் போய்விட்டது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதால் சொல்கிறேன். அங்கே தினமும் முந்நூறு தட்டுகள் போகும். திரும்பி வரும் தட்டுகளை அம்மா வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். யாராவது மிச்சம் வைத்திருந்தால் அந்தக் கட்டில் எண், மிச்சம் வைத்த பொருள், காரணம் மூன்றையும் நோட்டில் எழுதுவாள். எழுதிவிட்டு மாடிக்குப் போய் அந்த நோயாளியையே கேட்பாள். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள்கூட அம்மாவுக்குப் பயந்து சாப்பிட்டுத்தான் குணமானார்கள் என்று அப்பா சொல்வார். இப்போது மேனேஜருக்கும் ஒரு நோட்டு போட்டாகிவிட்டது. கோழி நெஞ்சுக்கறி, வேகவைத்தது, உப்பில்லை, வெங்காயம் பூண்டு இல்லை, கூட ஒரு ஸ்பூன் மசித்த பூசணி. கொடுத்தது அறுபது கிராம், திரும்பியது அறுபது கிராம், காரணம் "கூற மறுக்கிறது".

அடுத்த நாள் மீன், முள் எடுத்தது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் ஈரல், அதிகம் கொடுக்கக் கூடாதாம், அதனால் சுண்டுவிரல் அளவு. பிறகு முட்டை. செவ்வாய்க்கிழமை வரை சில தட்டில் ஒரு வாய் மட்டும் தொட்டது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. மேனேஜர் ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து வரும், மோந்து பார்க்கும், ஒரு காலைத் தூக்கித் தரையைப் பிறாண்டி அதை மூடுவதுபோல் செய்யும், போய்விடும். தரையில் என்ன இருந்தால் அது அப்படி மூடும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இருபது வருஷச் சர்வீஸில் அம்மா சமைத்ததை யாரும் அப்படி மூடியதில்லை. அன்றைக்கு அம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை, பசியில்லை என்றாள். நோட்டில் அம்மாவின் தட்டை யாரும் எழுதவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, அவருக்கு எல்லாமே பழுது பார்க்கிற விஷயம்தான். "ஒரு நேரத்துல ஒரு பார்ட்டைத்தான் மாத்தணும், அப்பத்தான் கோளாறு எங்கேன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் ஆறு வகை உலர் உணவு வாங்கி வந்தார். பாக்கெட்டின் பொருள் பட்டியலில் முதல் பெயராகக் கறி போட்டிருந்தால் நல்லது, சோளம் போட்டிருந்தால் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தேன், அதை மட்டும் சரியாகப் பார்த்திருந்தார். கடைக்காரர், "சார், நம்ம கடைப் பூனை இதைத்தான் சாப்பிடுது, கண்ணால பாருங்க" என்று காட்டினாராம். அப்பா பார்த்தபோது கடைப் பூனை கடைக்காரரின் டிபன் பாக்ஸுக்குள் தலையை விட்டிருந்ததாம். அப்பா ஆறையும் ஆறு கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்துக்குப் பத்து நிமிஷம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் மேனேஜர் ஆறு கிண்ணத்தையும் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டு அப்பாவின் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. அப்பா எழுந்திருக்க முடியாமல், கைக்கு எட்டிய கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "மொறுமொறுன்னு நல்லாத்தானே இருக்கு மேடம், இதுல என்ன குறை கண்டீங்க?" என்று மேனேஜரைக் கேட்டார். அம்மா நோட்டில் மூன்றாவது கிண்ணத்துக்கு நேரே "ஒரு கிராம் குறைவு, சாப்பிட்டது வேறு ஆள்" என்று எழுதினாள்.

நேற்று டாக்டரிடம் போனோம். அவர் மேனேஜரின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், காய்ச்சல் இல்லை, தண்ணீர் குடிக்கிறது, உடம்பில் கோளாறு தெரியவில்லை என்றார். பிறகு, "சாப்பாட்டை எப்படிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அம்மா நோட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாசித்தாள். டாக்டர் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தார். "இருங்க, இன்னும் மத்தியானம் வரல" என்று அம்மா சொல்லிவிட்டாள். வாசித்து முடித்தபோது வெளியே மூன்று நாய், ஒரு கிளி காத்துக்கொண்டிருந்தன. டாக்டர் களைத்துப்போய், "நாளை மறுநாள் பத்து மணி வரைக்கும் பாருங்க, அப்பவும் சாப்பிடலன்னா குழாய்தான்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு எட்டு மணிக்கு அம்மா வைத்த தட்டும் அப்படியே திரும்பியது. அம்மா அதை மூடி ஃபிரிட்ஜில் வைப்பதற்குள் நான் ஒரு கோழித் துண்டை எடுத்து இடது கையில் மறைத்துக்கொண்டேன், கிண்ணத்துக்கு வெளியே ஊட்டக் கூடாது என்பது சட்டம், ஆனால் நாளைக்குக் குழாய் என்றால் இன்றைக்குச் சட்டமாவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது. துண்டு ஐஸ் மாதிரி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மேனேஜரைக் கூப்பிட வாயெடுத்தேன், அம்மா உள்ளே வந்துவிட்டாள். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அம்மா போகவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என் அறையில் உட்கார்ந்து பேசி எத்தனையோ நாள் ஆயிற்று, அதற்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது. "முந்நூறு பேருக்குப் போடறேன்டி. பல்லில்லாத கிழவர்லேருந்து மூணு வயசுக் குழந்தை வரைக்கும் என் கையால சாப்பிடுது. இந்த ஒண்ணரை சாண் ஜீவனுக்கு என் சாப்பாட்டுல என்ன பிடிக்கலன்னு தெரிஞ்சா போதும், மாத்திடுவேன்" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "உங்க சித்தி நம்பி விட்டுட்டுப் போயிருக்கா" என்றாள். பயத்தில் கை வேர்த்து, துண்டு விரல் இடுக்கில் பிசுபிசுத்தது. கால் மணி நேரம் இருந்துவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் கையை வெளியே எடுத்தேன். நான் கூப்பிடவே இல்லை சித்தி. மேனேஜர் அலமாரி மேலிருந்து குதித்து வந்து, என் விரல்களை மூக்கால் பிரித்து, அந்தத் துண்டை விழுங்கிவிட்டு, உள்ளங்கையை நக்கிவிட்டு, அடுத்தது எங்கே என்று என் முகத்தைப் பார்த்தது.

எல்லோரும் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து அப்படியே நீட்டினேன். தரையைப் பிறாண்டி மூடியது. அதே துண்டைக் கையில் பொத்தி அறுநூறு வரை எண்ணிவிட்டு நீட்டினேன், சாப்பிட்டது. மீனையும் அப்படியே செய்து பார்த்தேன். பிறகு ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதன்மேல் அப்பா வாங்கிய உணவைச் சின்னத் தட்டில் வைத்து, வெதுவெதுப்பானதும் கொடுத்தேன், பதினோரு உருண்டை சாப்பிட்டது. கோளாறு எங்கே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் சமையலறையில் ஒரே ஒரு பெரிய சட்டம். சாப்பாடு ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் அறுபதுக்கு மேலே இருக்க வேண்டும், நடுவில் இருப்பதெல்லாம் கிருமிக்கு வைக்கும் விருந்து. அதனால் நம் வீட்டில் எதுவும் நடுவில் இருக்காது. அப்பா வாங்கிய ஆறு பாக்கெட்டும்கூட முதலில் ஃபிரிட்ஜுக்குள் போய்த்தான் கிண்ணத்துக்கு வந்தது. குளிர்ந்தால் வாசனை வராது. ஆவி பறக்க வைத்தால் மூக்கைச் சுட்டுக்கொண்டு தும்முகிறது. மேனேஜருக்கு வேண்டியது அந்த நடுவில்தான் இருக்கிறது. உங்கள் அறையில் ஃபிரிட்ஜே கிடையாது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, அதற்குக் குளிர்ந்த சாப்பாடு என்றால் என்னவென்றே தெரியாது.

ஆனால் இதை எப்படி அம்மாவிடம் சொல்வது? சூப்பைக் கொஞ்சம் ஆறட்டும் என்று மேடைமேல் வைத்த ஒரு சமையல்காரரை அம்மா மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பியவள். அவளிடம் போய், உன் சாப்பாட்டில் தப்பில்லை, உன் சட்டத்தில்தான் தப்பு என்று பன்னிரண்டு வயதில் நான் எப்படிச் சொல்வேன்? திட்டினால்கூடப் பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்து பேசினாளே, அந்தக் குரலில் மறுபடி பேசினால் எனக்குத் தாங்காது. அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சிக்னலுக்காகத் தண்ணீர்த்தொட்டி மேலே ஏறி நின்று போன் செய்யும்போது, உங்களுக்கே திடீரென்று ஞாபகம் வந்த மாதிரி, "அக்கா, அதுக்கு லேசா வெதுவெதுன்னு குடு" என்று சொல்லிவிட வேண்டும். என் பெயரை எடுக்கக் கூடாது. இதைக் கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

எழுதி முடித்து உறையில் விலாசம் எழுதும்போதுதான் நினைவு வருகிறது, உங்கள் முகாமுக்குக் கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகும். டாக்டர் சொன்ன பத்து மணிக்கு இன்னும் எட்டு மணி நேரம்கூட இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது ஞாயிறும் போயிருக்கும், பூனை மூக்கில் குழாயும் போயிருக்கும். இவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. மேனேஜர் வாஷ்பேசினிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வை சரியாகவே இல்லை.

வேறு வழியில்லை சித்தி. அம்மாவை இப்போதே எழுப்பப் போகிறேன். பேச வாய் வராவிட்டால் கையில் துண்டோடு போய் நின்று, நடப்பதைக் காட்டுகிறேன். தெரிந்தால் போதும், மாத்திடுவேன் என்று அவளேதான் சொன்னாள். அதை நம்பித்தான் போகிறேன். எழுப்பிய பிறகு எழுத முடியுமா என்று தெரியாததால் இப்போதே முடித்துக்கொள்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஆறிப்போனாலும் சாப்பிடுங்கள். முகாமில் கூட வேலை செய்யும் எல்லோருக்கும் என் வணக்கம். நீங்கள் அளக்கும் சாலை வளைவில்லாமல் சீக்கிரம் முடிந்து, நீங்கள் திரும்பி வந்து, மேனேஜரைத் தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிறதே என்று சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உங்கள் அக்கா மகள்

பி.கு.: இது உன் அக்கா எழுதுகிறேன். மேலே இருப்பது ஒன்றையும் நம்பாதே. உன் பூனை என் வீட்டில் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை, மெனு சரியாக அமைகிற வரைக்கும் காத்திருந்தது, அவ்வளவுதான். என் சட்டத்தில் தப்பு எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் இருப்பது மனுஷங்க, அவங்களுக்கு அந்தச் சட்டம். பூனைக்குத் தனிச் சட்டம் இன்றைக்கு ராத்திரி ரெண்டரை மணிக்கு நானே போட்டேன்: முப்பத்தெட்டு டிகிரி, பதினைந்து நிமிஷம், மிச்சம் இருந்தால் குப்பைக்கு. இதில் தனக்கும் பங்கு உண்டு என்று என் பொண்ணு சொல்வாள், சொல்லிட்டுப் போகட்டும். கிண்ணத்துக்கு வெளியே ஊட்டினதுக்குத் திட்டணும்னு எழுந்தேன், அது சாப்பிடறதைப் பார்த்ததும் மறந்துபோச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்டப் போறோம், ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும், குழாய் கேட்டா நோட்டைக் காட்டுவேன். பொண்ணு என்னை எழுப்பிக் காட்டிட்டு, திரும்பி வந்து வாளிமேலேயே உட்கார்ந்து தூங்கிட்டா, அவ அப்பா தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சார். எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காதே, ஒரு கையாலதான் எழுதறேன். இன்னொரு கையில மீன் இருக்கு, இன்னும் இருநூறு எண்ணணும்.